வெள்ளை விழுந்தவள்

கார்போகரிசி என்ற மருந்து விதையைக் கோமியத்தில் ஊறப்போட்டு அரைக்கும்போது எழும்பும் நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டால், அதை அரைக்கச் சொன்ன வைத்தியர் பக்கத்தில் வந்து உட்காரும்போது அடித்த நாற்றத்தைவிட எவ்வளவோ மேல் என்றுதான் சொல்வேன். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் தறிகள் ஓடின. எனக்குப் பத்து வயது இருக்கும். மேலுதட்டு ஓரத்திலும் வலதுகை விரல்களிலும் மோர் தெறித்தாற்போல வெள்ளை விழுந்திருந்தது. ஊர் அதற்கு வைத்திருந்த பெயர் ‘வெங்குட்டம்’. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. தொந்தரவெல்லாம் அதைப் பார்த்தவர்களால் வந்தது.

எங்கள் குடும்பத்துக்குப் பெரியப்பாதான் எல்லாம். பாவு போடுவதிலிருந்து பருப்பு வாங்குவதுவரை அவர் சொன்னதுதான் சட்டம். அப்பா, அண்ணன் எதிரில் இருமுவதற்குக்கூட யோசிக்கிற மனிதர். ஓமலூர்ப் பக்கத்து வைத்தியரை வண்டி வைத்து அழைத்து வந்தவரும் பெரியப்பாதான். வைத்தியர் என் கையைத் தொடாமல், ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தார். ‘‘பத்துப் போட்டு உச்சி வெயில்ல குந்த வெய்யுங்க, வெள்ளை கருகிப் போயிருமுங்க’’ என்றார். கருகியது உண்மைதான், ஆனால் கருகியது தோல். விரல்களிலும் உதட்டிலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, நீர் வடிந்தது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் நான் அழுதபோது, ‘‘மருந்து வேலை செய்யுது’’ என்று அவர் தலையை ஆட்டினார். புண் ஆறியதும் வெள்ளை முன்னைவிட அகலமாக, பளிச்சென்று தெரிந்தது. ‘‘புள்ளை பத்தியத்தை மீறித் திருட்டுத்தனமா உப்புத் தின்னிருக்குது’’ என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். தன் மருந்தின்மேல் சந்தேகப்படும் அளவுக்குக்கூட அறிவில்லாத அந்த ஆளுக்கு எங்கள் வீட்டில் இலை போட்டு, நெய் ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

பக்கத்து வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நல்லபாம்பை அடித்த பாவம் என்றார்கள். எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சியை அடிக்கவே ஆளில்லை. கர்ப்பத்தில் இருந்தபோது அம்மா கிரகணத்தைப் பார்த்திருப்பாள் என்றார்கள். சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, எங்கள் வாசலிலேயே துப்பிவிட்டுப் போனார்கள். தொட்டால் தொற்றும் ஒட்டுவாரொட்டி என்று அவர்களுக்குப் பட்டது நான் மட்டும்தான்.

அம்மா ஒருநாள், பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கரிப்புகை விட்டுக்கொண்டு ஓடும் பஸ்ஸில் என்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தார். அவ்வளவு நாளில் அம்மாவைத் தவிர என்னைத் தொட்ட முதல் ஆள் அவர்.

‘‘இது குஷ்டம் இல்லை, ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா இதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லை’’ என்றார். பிறகு தழும்பைக் காட்டி, ‘‘இப்படிச் சுட்டது யாரு?’’ என்று கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என் விரல்களைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் வாய்தவறி வீட்டில் அதைச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். ‘‘பொம்பளை டாக்டருக்கு என்ன தெரியும்?’’ என்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் என்னவென்று அடுத்த மாதமே பார்த்தேன்.

அவர் மகள் செல்லம்மாக்காவைப் பார்க்க நாமகிரிப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் பெரியப்பா என்னைத் தறிக்குழிக்குள் இறக்கினார். நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் குழி அது. மடங்கி உட்கார்ந்தால் ஒரு குழந்தைக்குச் சரியாக இருக்கும். மேலே பழைய ஜமுக்காளத்தை விரித்தார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கெல்லாம் பஞ்சுத் தூசி. தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

‘‘ஊட்டுல எத்தனை பொண்ணுங்க?’’ என்று ஒரு பெண் குரல் கேட்டது.

‘‘ஒண்ணுதானுங்க’’ என்றார் பெரியப்பா.

‘‘ரெண்டுங்க’’ என்றது அம்மாவின் குரல். ‘‘இன்னொருத்தி எம்மவ. தறிக்குழிக்குள்ள கெடக்கறா. மேல வா சாமி.’’

ஜமுக்காளத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். தலையெல்லாம் நூல் பிசிறு. மாப்பிள்ளையின் அம்மா என் உதட்டைப் பார்த்துவிட்டுச் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். ‘‘ஏனுங்க, இது ஒட்டுமுங்களா?’’

‘‘ஒட்டாதுங்க. குழியில போட்டு மூடற புத்திதானுங்க ஒட்டும்’’ என்றாள் அம்மா. அதுவரை பெரியப்பாவின் எதிரில் அம்மாவின் குரலையே நான் கேட்டதில்லை.

வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்தார்கள். தட்டிலிருந்த தேங்காயை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். தேங்காய்க்கு வியாதி ஒட்டாது போலிருக்கிறது.

அந்த வாரமே பெரியப்பா, வீட்டின் நடுவில் மண்சுவர் எழுப்பி எங்களைப் பிரித்துவிட்டார். ஒரு தறி எங்கள் பங்குக்கு வந்தது. நான் தொடக்கூடாது என்று வைத்திருந்த பாவு நூலை அன்றுதான் தொட்டேன், நெய்யவும் படித்தேன். செல்லம்மாக்காவுக்குக் கல்யாணம் நின்றா போய்விட்டது? அடுத்த தையில் குமாரபாளையத்தில் நல்ல இடமாகவே அமைந்தது. அவளே சுவரைச் சுற்றி வந்து, நான் நெய்த சேலையைக் கேட்டு வாங்கிப் போனாள். என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத சொந்தக்காரிகள் எல்லாம் அதன் கரையைத் தடவித் தடவிப் பார்த்து, எந்தக் கடைச் சரக்கு என்று கேட்டார்களாம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று கிளம்பிய சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கிழவர்களையும் குடிகாரர்களையும் நினைத்தால், ஆகாததில் வருத்தமும் இல்லை.

வெள்ளை நிற்கவில்லை. கை, கழுத்து, முகம் என்று பரவி, ஐம்பது வயதுக்குள் கிட்டத்தட்ட உடம்பு முழுவதையும் மூடிவிட்டது. பெரியப்பா போய்விட்டார், வைத்தியரும் போய்விட்டார், என்னைப் பார்த்து ஒதுங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் இல்லை. இப்போது இந்தத் தெருவுக்குக் குடிவந்திருப்பவர்களுக்கு என் கதை தெரியாது. போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் வாசலில் நிறுத்தி, ‘‘ஏனுங்கம்மா, இந்த வயசுலயும் இத்தனை செவப்பா இருக்கறீங்களே, என்ன சோப்புங்க போடறீங்க?’’ என்று ஆசையாகக் கேட்டாள். பரம்பரைச் சிவப்பு என்று அவளே முடிவும் கட்டிக்கொண்டாள்.

என் அம்மா நல்ல கறுப்பு. அந்த நிறம் கடைசியாக என் இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு மிஞ்சியிருந்தது. அவள் செத்தபின் வெகுகாலம், கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அதை மட்டும் பார்த்துக்கொள்வேன். போன ஆடியில் பார்த்தபோது அதுவும் இல்லை.