சீருடை இல்லாத படை

எழுபதுகளின் நடுவில் செவ்வாப்பேட்டையில் குடியிருந்தோம். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பர், நெப்போலியன் காலத்துப் போர்களை ஈயப் பொம்மைகளை வைத்து, பகடை உருட்டி, மேஜைமேல் ஆடுவார். பிரெஞ்சுப் படை அவரிடம் இருந்தது. எதிர்ப்படையை நான் செய்வதாக ஒப்புக்கொண்டேன். நெப்போலியனை மலைகளில் மறைந்திருந்து தாக்கிய ஸ்பெயின் நாட்டு ஜனங்களின் படை அது.

ஈயத்தை உருக்கி, விரல் உயரத்துக்கு ஆட்களை வார்த்தேன். வண்ணம் தீட்டியவள் என் மனைவி.

"இவங்க சட்டைக்கு இன்னா கலரு?" என்று கேட்டாள்.

"யூனிபாரமே கிடையாது. குடியானவங்க, பாதிரியாருங்க, பொம்பளைங்ககூட சண்ட போட்டாங்களாம்."

"பொம்பளைங்களா?" தூரிகையைக் கீழே வைத்தாள். "அப்போ ஒருத்தர மாதிரி இன்னொருத்தர் இருக்கக் கூடாது."

அதற்காகவே ஒவ்வோர் ஆளையும் அரத்தால் ராவி மாற்றினேன். மாதக்கணக்கில் வேலை இழுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் நண்பர் வீட்டு மேஜையில் கம்பளியை மலையாகக் குவித்து, அதன்மேல் அவர்களை நிறுத்தினோம். கீழே பிரெஞ்சுக்காரர்கள் நீலச் சட்டையில், ஒரே முகத்தோடு வரிசையாக நின்றார்கள். மேலே ஆளுக்கொரு முகம். ஒருவன் கையில் அரிவாள், ஒருத்தி இடுப்பில் குழந்தை. ஓர் ஊரே திரண்டு இறங்கி வருவதுபோல் இருந்தது. நானே வார்த்தவைதான், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

நண்பர் பகடையைத் தொடவே இல்லை. "இன்னிக்கு ஆட வேணாம்பா. சும்மா பாத்துக்கினு இருக்கலாம்," என்றார்.

"நெஜத்துல இவங்க ஜெயிச்சாங்களா?" என்று என் மனைவி அவரிடம் கேட்டாள்.

"ஜெயிச்சாங்கம்மா. ஆனா வருசக்கணக்கா ஆச்சு."