டீச்சரின் வலது கால்

மைக்கைத் திட்டிப் பார்த்துத்தான் அப்புத்துரை வேலையைத் தொடங்குவார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் ஊதிப் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்காது. "டேய் வயரே, நாசமாப் போவானே, இண்டைக்கு மட்டும் அறுந்து பார்!" என்பார். பனைமரத்தில் கட்டிய ஊதுகுழல் ஸ்பீக்கர் அதை நெடுங்கேணி முழுவதற்கும் சொல்லும். குரல் இரைச்சல் இல்லாமல் வந்தால் அடுத்ததாகக் காற்றைத் திட்டுவார், எறும்பைத் திட்டுவார், ஜெனரேற்றரை அதன் தாயோடு சேர்த்துத் திட்டுவார். ஐயர் வந்து சேர்ந்ததும் அதே மைக்கில், அதே வாயால், "அம்பாளின் அடியார்களே..." என்று தேன் வடிய ஆரம்பிப்பார்.

ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் அவருடைய கடை சந்தையடியில் இருக்கிறது. தகரக் கூரை, வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பீக்கர் பெட்டிகள். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் அதே பெட்டிகளை அதே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு தனியாகத்தான் போவார். ஒரு செத்தவீட்டில் தேவாரத்துக்குப் பதிலாகக் கலியாணப் பாட்டுப் போய்விட்டது. ஓடி வந்த, செத்தவரின் மகனிடம், "கொப்பர் இவ்வளவு காலமும் கொம்மாவோடை இருந்து இண்டைக்குத்தான் தப்பினவர். கொஞ்சம் கேக்கட்டும், விடடா" என்றார். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் அவரோடு கதைப்பதில்லை. அது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவுமில்லை.

அறுபதைத் தாண்டிய உடம்பு. மற்றவர்கள் பென்சில் செருகும் காதில் அவர் மின்சாரம் பார்க்கும் ரெஸ்ரர் செருகியிருப்பார். மற்றக் காதை ஊதுகுழல்கள் எப்போதோ தின்றுவிட்டன. அதனால் அவருடைய இரகசியங்கள் அடுத்த காணிவரை கேட்கும். யாரையும் 'நீங்கள்' என்று கூப்பிட்டும் பழக்கமில்லை. ஐயர் முதல் அரசாங்க உத்தியோகத்தர்வரை எல்லோரும் 'தம்பி', கோபம் வந்தால் 'டேய் தம்பி'. அவருடைய வாயிலிருந்து மரியாதை பெற்ற ஒரே சீவன் ஒரு கோழி.

ஒரு மாரிகாலத்தில் நனைந்த கோலத்தில் கடைக்குள் நுழைந்த ஊர்க்கோழி அது. அம்பிளிபயர் சூட்டைக் கண்டுபிடித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மழை விட்டது; கோழி இறங்கவில்லை. உரிமை கேட்டு ஒருவரும் வரவுமில்லை. உடைந்த ஊதுகுழல் ஒன்றுக்குள் முட்டையிடத் தொடங்கியது. தலையைச் சரித்து, ஒற்றைக் கண்ணால், கணக்கில் பிழை விட்டவனைப் பார்ப்பதுபோல அது பார்க்கும் பார்வைக்காக அப்புத்துரை அதற்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்தார். எந்த டீச்சரை நினைத்து வைத்த பெயர் என்று கேட்டால் மட்டும் அவருக்கு நல்ல காதும் கேட்காமல் போய்விடும்.

ஒரு காலை டீச்சர் அம்பிளிபயரிலிருந்து இறங்கவில்லை. தூக்கி நிலத்தில் விட்டால் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்று பரத்திக்கொண்டு படுத்துவிட்டது. வலது காலின் விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன. தீவனத்தை எட்டச் செட்டையை அடித்து மணலில் நீந்தியது. அப்புத்துரை கடையைப் பூட்டினார். ஊர் அறிய, ஸ்பீக்கர் கட்டும் வேலை இல்லாமல் அவர் பகலில் கடை பூட்டியது அதுதான் முதல்தடவை.

மிருக வைத்தியர் இளம் ஆள். "என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"மோதகம். சர்க்கரைப் பொங்கல். கோயில் வேலைக்குப் போனால் வடையும் கொண்டு வருவன்."

"கோழிக்கோ?"

"அவா விரும்பிச் சாப்பிடுவா, தம்பி."

'அவா' என்றதும் வைத்தியர், அவரோடு பெண்மணி யாரும் வந்திருக்கிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, விற்றமின் குறைவாக இருக்கலாம், வைரசாகவும் இருக்கலாம் என்றார். "வைரசெண்டால் எங்களாலை ஒண்டும் செய்யேலாது, ஐயா. விற்றமின் பி குளிசையைக் கரைச்சுக் குடுங்கோ. நிமித்தி வைச்சு, காலை நீட்டி மடக்கிப் பயிற்சி குடுங்கோ. பாப்பம்."

'பாப்பம்' என்ற சொல் அப்புத்துரைக்குப் பிடிக்கவில்லை. வழி முழுவதும் அந்தச் சொல்லைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் தன்னுடைய பெனியனில் இரண்டு ஓட்டை வெட்டினார். கதிரையைக் கவிழ்த்து, நான்கு கால்களுக்கும் இடையில் பெனியனைத் தொட்டிலாகக் கட்டி, ஓட்டைகள் வழியே கோழிக்கால்கள் கீழே ஊன்றும்படி டீச்சரை உள்ளே இறக்கினார். தன் நிலைமையை அது ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பெனியனில் எச்சமிட்டது.

"எனக்கு முழங்கால் குத்தேக்கை ஒரு பனடோல் வாங்கித் தந்த மனுசனோ இது?" என்று மனைவி இராசமலர் குசினிக்குள் இருந்து கேட்டார். அப்புத்துரை அதற்கும் செவிடாகிப் போனார். அவருக்கு வேறொரு பயம் இருந்தது. இராசமலர் தன் முழங்காலுக்கென்று நாட்டு வைத்தியரிடம் சொல்லிக் காய்ச்சுவித்த எண்ணெய்ப் போத்தல் அலுமாரியில் இருந்தது. அது இப்போது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது.

சந்தையில் அவரைக் கண்டவர்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள். மிளகு கூட்டி, இறக்குகிற நேரம் கறிவேப்பிலை போடவேண்டும் என்றார்கள். கோயில் நிர்வாகத் தலைவர் பரமலிங்கம் ஒரு படி மேலே போய், கால் வழங்காத கோழியின் இறைச்சி மெத்தென்று இருக்கும் என்று விளக்கம் சொல்லிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். அன்றைக்கு மட்டும் அப்புத்துரை எவரையும் திட்டவில்லை. கடைக்குள் போய் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நெடுநேரம் இருந்தார்.

அம்மன் கோயில் பொங்கல் வந்தபோது டீச்சரைத் தனியே விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. லான்ட்மாஸ்டரில் முதலில் ஏறியது கவிழ்த்த கதிரையும் கோழியும்தான். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் தென்னங்கிடுகு மறைப்புக்குள் அம்பிளிபயரும் மைக்கும். மேசைக்கு அடியில் டீச்சர்.

நடுப்பகல் பூசைக்கு மணி அடித்தது. சனம் எல்லாம் மூலஸ்தானத்தை நோக்கி நெருங்கியது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் சிவரூபி டீச்சர் நின்றார். கணிதம் படிப்பிப்பவர்; கலியாணம் செய்யாதவர்; அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தால் ஊர்ப் பெரியவர்களும் சேட்டுப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். பூசை முடிய அவருடைய சமயச் சொற்பொழிவு. இராசமலர் மடைப்பள்ளியில் பொங்கல் பானையோடு நின்றார்.

"வாகன உரிமையாளர்கள் வாகனத்தை எடுத்து விடவும்" என்று அறிவித்த அப்புத்துரை மைக்கை நிறுத்த மறந்துவிட்டார். டீச்சர் பெனியனிலிருந்து நழுவியிருந்தது. ஊதுகுழல்கள் ஊரைப் பார்த்தபடி இருந்தன. அவருடைய செத்த காது அந்தப் பக்கமாக இருந்தது. குனிந்து, தன் கணக்கில் மிகவும் மெதுவாக, அவர் பேசத் தொடங்கினார்.

"டீச்சர்... கோவிக்காதேங்கோ. சனமெல்லாம் பூசைக்குப் போட்டுது. ஒருதரும் பாக்கேல்லை. காலைத் தாங்கோ."

ஐயரின் கையில் தீபம் நின்றது.

"வலது காலைத் தாங்கோ, டீச்சர். நேற்று மாதிரி உதைக்காதேங்கோ. மெல்லமா எண்ணெய் போட்டு உருவி விடுறன். சுகமா இருக்கோ? ராசாத்தி..."

முன்வரிசை திரும்பி சிவரூபி டீச்சரைப் பார்த்தது. பின்வரிசை எட்டிப் பார்த்தது. அவர் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. தலைவர் பரமலிங்கம், "ஆரடா அது? நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார். அதே நேரம் ஊதுகுழல் தொடர்ந்தது.

"அந்தப் பரமலிங்கத்துக்கும் உங்களிலை ஒரு கண். உங்களைக் காணேக்கையெல்லாம் அவனுக்கு வாயூறுது. நான் இருக்குமட்டும் அவனாலை தொடேலாது. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

தலைவருடைய மனைவி தலைவரைப் பார்த்தார். பட்டுவேட்டிக்குள் தலைவர் அரை அடி குறைந்ததுபோல இருந்தது.

இப்போது எல்லோருடைய கண்ணும் மடைப்பள்ளிப் பக்கம் போனது. இராசமலர் அகப்பையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். பெண்கள் வழி விட்டார்கள். இரண்டு பேர் அழவும் ஆயத்தமானார்கள். கிடுகு மறைப்பை ஒரே இழுவையில் இழுத்து, அகப்பையை ஓங்கி, இராசமலர் கேட்ட கேள்வியும் அதே மைக்கால் ஊருக்குப் போனது.

"என்ரை எண்ணெயைத்தானே கோழிக்குப் பூசுறியள்?"

நல்ல காதுக்கு அது கேட்டது. அப்புத்துரை நிமிர்ந்தார். ஒரு கையில் போத்தல், மற்றக் கையில் கோழிக்கால். அகப்பைக்குப் பின்னால் ஊர் நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவரூபி டீச்சர் உள்ளே வந்தார். கவிழ்த்த கதிரை, ஓட்டைப் பெனியன், மேசைக் கால், கோழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுக்கோ அந்தப் பேர்?"

"ஓம்... டீச்சர்" என்றார் அப்புத்துரை.

இரண்டு தலைகளும் ஒரே பக்கம் சரிந்து அவரைப் பார்த்தன. அதற்குப் பிறகு அது எந்த டீச்சரின் பெயர் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சிவரூபி டீச்சர் மண்டபத்துக்குப் போய், தனக்கென்று வைத்திருந்த மைக்கின் முன் நின்று, கண்ணாடியைச் சரிசெய்தார். "என்ரை ரெண்டு காலும் நல்ல சுகம். அக்கறையோடை திரும்பிப் பாத்த எல்லாருக்கும் நன்றி. இனி இண்டைய தலைப்புக்கு வருவம்: புலனடக்கம்." சிரிப்பு அடங்கியபோது ஐயரின் தீபம் அணைந்திருந்தது, அவர் அதைத் திரும்பக் கொளுத்தவேண்டி வந்தது.

மறுநாள் காலையில் அப்புத்துரை சிவரூபி டீச்சர் வீட்டுப் படலையில் போய் நின்றார். கழுவிய சேட்டு, காதில் ரெஸ்ரர் இல்லை. "பேரை மாத்திவிடுறன், டீச்சர்" என்றார்.

"மாத்தாதேங்கோ. இப்ப மாத்தினால் என்னைத்தான் சொன்னதெண்டு முடிவு கட்டிப்போடுவினம்." படலையைச் சாத்தப் போனவர் நின்று கேட்டார்: "சாப்பிடுறாவோ?"

"குளிசைத் தண்ணி குடிக்கிறா. ஆனால் நிக்கிறா இல்லை, டீச்சர். என்ரை சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவாவுக்கு நரம்பு போட்டுதோ எண்டு..." ஊருக்கே கேட்கும் அந்தக் குரலின் கடைசிச் சொல் படலையைக்கூடத் தாண்டவில்லை.

"விசர்க்கதை கதையாதேங்கோ. சத்தத்திலை கால் போறதெண்டால் இந்த ஊரிலை ஒருதரும் நடக்கமாட்டினம்" என்றார் டீச்சர். அப்புத்துரைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இராசமலர் எண்ணெய்ப் போத்தலைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் குளிசை கரைக்கிற நேரம் பார்த்து கோழியின் செட்டையைப் பிடிக்க அவரே வந்தார். "உவர் பிடிச்சால் முறிச்சுப்போடுவார்" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். கடைப்பக்கம் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "டீச்சருக்குக் கால் எப்பிடி?" என்று கேட்டார்கள். முதலில் நக்கலுக்குத்தான் கேட்டார்கள். பிறகு அதுவே பழக்கமாகி, பதிலுக்காகவும் நின்றார்கள்.

அப்படி ஒரு பின்னேரம்தான் பரமலிங்கம் வந்தார். கடை வாசலில் மணலில் வெயில் சாய்ந்திருந்தது; டீச்சரைத் தொட்டிலிலிருந்து இறக்கி அங்கே விட்டிருந்தார் அப்புத்துரை. தலைவர் செருமினார்.

"அப்புத்துரை, கமிற்றி கூடிக் கதைச்சது. நீர் எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கவேணும். இல்லாட்டி வாற வருசம் வவுனியாவிலை இருந்து ஆளைக் கொண்டுவருவம். நல்லா யோசிச்சுச் சொல்லும்."

அப்புத்துரையின் கழுத்து நரம்பு புடைத்தது. கோயில் வேலை போனால் ஊரில் பாதி வேலை போகும் என்பது அவருக்குத் தெரியும். தலைவருக்கென்றே சேர்த்து வைத்திருந்த சொற்களோடு வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

மணலில் டீச்சர் இடது காலை ஊன்றியிருந்தது. வலது கால் நடுங்கியது. சுருண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து மணலைப் பற்றின. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, விழப்போவதுபோலச் சரிந்து, விழாமல் நின்றது. பிறகு கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தது.

"நீர் சொன்ன அந்த வாயூறுற கதையாலை என்ரை மனுசி இன்னும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அதுக்கு என்ன..." என்று தலைவர் குரலை உயர்த்தினார்.

அப்புத்துரை மணலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, உள்ளங்கையால் தலைவரின் வாயைப் பொத்தினார்.