அப்பாவின் ஆங்கிலம்

கடந்த ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணி. தம்போய் ஊரில் எங்கள் வீட்டின் முன்னறையில், அப்பாவின் கட்டிலருகே அமர்ந்து கைப்பேசியில் ஆங்கிலச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் படிப்பது தமிழ் இலக்கியம். ஆனாலும் பட்டம் கைக்கு வர ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேறியாக வேண்டும். அப்பாவை விட்டு வகுப்புக்குப் போக முடியாததால், சமூக ஊடகத்தில் ஓர் இளம்பெண் நாள்தோறும் வெளியிடும் குறுங்காணொளிகளே எனக்குப் பாடமாயின. அவள் ஒரு சொல்லின் பொருளைச் சொல்வாள், அதை வைத்து ஒரு வாக்கியம் அமைப்பாள், பிறகு விரலை உயர்த்தி, பார்ப்பவர் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருப்பாள். அன்றைய சொல் 'ரிலக்டன்ட்'. மனமில்லாமல், தயங்கி நிற்பவரைக் குறிப்பது. அவள் விரல் உயர்ந்தது. நான் வாய் திறக்குமுன் பக்கத்திலிருந்து "லக்டன்ட்" என்று கேட்டது.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா பேசிய முதல் சொல் அது.

அவர் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். "அங்கிள் பஸ்ல ஏறினா ரேடியோ வேணாம் லா" என்று வேலைக்குப் போகிறவர்கள் கேலி செய்யும் அளவுக்கு ஓயாமல் பேசுவார். ஆங்கிலம் அவருக்குச் சாலைப் பலகைகளோடு முடிந்துவிடும். அம்மாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, "இந்தாம்மா" என்பார். அந்த ஒரு சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்திலேயே, கேட்பது சோறா, சட்டையா, அல்லது தொடங்கப்போவது சண்டையா என்று அம்மாவுக்கு விளங்கிவிடும். நான் அவருக்குப் 'பாப்பா'. நோய் அந்த இரண்டு சொற்களையும் கொண்டுபோய்விட்டது. அவை திரும்பி வருமா என்பதைத் தவிர, அந்த வீட்டில் நானும் அம்மாவும் வேறெதையும் எண்ணவில்லை.

அதே பெண் சிறுவர்களுக்காக வெளியிட்ட எளிய காணொளிகளைத் தேடிப் போட்டேன். அப்பா அவள் வாயையே பார்த்திருந்து திருப்பிச் சொன்னார். சில வாரங்களில், தேவைப்படும்போது தாமாகவே சொன்னார்: வாட்டர், விண்டோ, டயர்ட். தமிழ் மட்டும் வரவில்லை. "தண்ணி சொல்லுங்கப்பா" என்று நான் கேட்டால் உதடுகள் நடுங்கும். பிறகு கண் கலங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் மலாய்க்கார அம்மையார், சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்றார். எந்த மொழி வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், தாய்மொழி பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் பொய் கலக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது; வீடு திரும்பும் வழியெல்லாம் வலிக்கவும் செய்தது.

பாலோவிலிருந்து பார்க்க வந்த அத்தை, "அலமாக், அண்ணி! எங்கண்ணன் வெள்ளைக்காரன் ஆயிட்டாரு, நீங்க இன்னும் இட்லியே அவிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "முப்பது வருசமா பக்கத்துலயே இருக்கேன். எனக்கு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. போன்ல இருக்கிற அந்தப் பொண்ணு வெரலத் தூக்குனா ஒடனே பேசறாரு. நான் என்ன மரமா?"

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் நான் இடையில் நின்றேன். ஒருமுறை அப்பா "டயர்ட்" என்றார். "களைப்பா இருக்காம், அம்மா. நீயும் வந்து கொஞ்ச நேரம் உக்காருன்னு சொல்றாரு" என்றேன்.

"அவரு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. நீ இவ்ளோ நீளமா சொல்றே" என்றார் அம்மா. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்.

ஆனால் நான் அப்பாவிடம் தமிழிலேயே பேசிவந்தேன். ஆங்கிலத்தில் பதில் சொன்னால், தமிழ் திரும்பி வரும் வழியை நானே அடைத்துவிடுவேனோ என்ற அச்சம் எனக்கு. செய்யுள்களை உரக்கப் படித்தேன்; அவர் முன்பு சொன்ன பேருந்துக் கதைகளை அவருக்கே திருப்பிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பதற்கு மேல் எதுவும் நிகழவில்லை.

என் தேர்வு முடிந்த வாரத்தில், ஒரு மாலை, மருந்து வாங்கிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். மடியில் அவருடைய கைப்பேசி. அதில் அந்தப் பெண்ணின் பக்கம். எத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் பார்த்துவந்தாரோ! ஒரு கையைத் தம் மார்பில் வைத்து, மறுகையின் விரலை உயர்த்தி, "வைஃப்" என்றார் அம்மா.

அப்பா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "வைஃப்" என்றார்.

மீண்டும் விரல் உயர்ந்தது. மீண்டும் சொன்னார். என்னைக் கண்டதும் அம்மாவுக்கு வெட்கம். "ஒரு நாளும் பேரு சொன்னதில்ல. இப்ப பாரு, இங்லீஷ்ல கூப்புடறாரு" என்று சிரித்தவர், அந்தச் சிரிப்பு முடியுமுன்பே அப்பாவின் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "இதுவாச்சும் இருக்கட்டும், பாப்பா. இனிமே அந்த 'இந்தாம்மா' எல்லாம் வராது." அதை அம்மா சொல்லக் கேட்டது அன்றுதான் முதல்முறை.

மறுநாள் காலை, அம்மா சமையலறையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, நான் அப்பாவின் எதிரே தரையில் அமர்ந்தேன். "பாப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் உதடுகள் நடுங்கின. முகம் சுவர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அவர் கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "டாட்டர்" என்றேன்.