இன்ஜின் காலில் தடவிய மயில்துத்தம்

கல்யாணமாகி இந்தக் கரைக்கு வரும்வரை கொட்டலசு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நான் பாகூர் பக்கத்து வயல்காட்டுப் பெண். கிருமாம்பாக்கத்தில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரம்தான், ஆனால் வந்து பத்து வருஷமாகியும் என் கொழுந்தனுக்கு நான் 'வயக்காட்டு அண்ணி'தான். வந்த புதிதில் படகைப் பார்த்து, "இதுக்கு பிரேக் எங்க இருக்கு?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு குழம்பைக் கிளறுவேன்.

எங்களுடையது ஃபைபர் படகு. பின்பக்கம் அவுட்போர்டு இன்ஜின். கடலுக்குப் போகாத நாட்களில் முகத்துவாரத்துக்கு உள்ளே உப்புத்தண்ணீரில் கட்டிக் கிடக்கும். ஓடிக்கொண்டே இருக்கிற படகில் கொட்டலசு என்கிற ஓட்டுப்பூச்சி அவ்வளவாக ஒட்டாது. சும்மா நின்றால் போச்சு. அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்ன ஓடுகள் முளைத்துவிடும். ஒவ்வொன்றின் விளிம்பும் பிளேடு. படகு கனத்துப்போய், எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். கொழுந்தன் வேறு படகில் ஏறிப் போனான். எங்கள் படகு நின்ற இடத்திலேயே நின்றது. இன்ஜினைத் தூக்கி நிறுத்தும் கொக்கி வேறு உடைந்திருந்ததால், இன்ஜின் காலும் மூன்று வாரம் தண்ணீரிலேயே ஊறியது. இன்ஜின் கால் என்பது படகைத் தள்ளும் விசிறி மாட்டியிருக்கும் கீழ்ப்பகுதி. முழுக்க அலுமினியம், உள்ளே கியர் இருக்கும்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் படகைக் கரையில் இழுத்துப் போட்டுச் சாய்த்தோம். அம்மாடி, என்ன கண்றாவி அது! படகின் அடியில் விரல் வைக்க இடமில்லை. மூன்று பேரும் சுரண்டினோம். மேல் ஓடு உடைந்தாலும் அடி வட்டம் போகாது, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். என் உள்ளங்கை இரண்டு இடத்தில் கிழிந்தது. கொழுந்தன் இன்ஜின் காலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த தேய்ப்பில் பழைய பெயிண்டும் சேர்ந்து உரிந்து, அலுமினியம் பளபளவென்று வெளியே வந்துவிட்டது. கொட்டலசு ஒட்டாமல் இருக்க அடிக்கும் சிவப்புப் பெயிண்ட் படகின் அடிக்கே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியது.

"இன்ஜினுக்கு இன்னா பண்றது?" என்றான் கொழுந்தன்.

"அப்புறம் பாத்துக்கலாம் வாடா, பசிக்குது," என்று சொல்லிவிட்டு இவர் நடந்தார். இரண்டு பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

எனக்கு அங்கேதான் புத்தி கெட்டது. எங்கள் அப்பா நெல்வயலில் பாசி படர்ந்தால் மயில்துத்தத்தை, செம்பு சேர்ந்த நீல உப்பு அது, துணியில் முடிந்து வாய்க்கால் மடையில் போட்டு வைப்பார். அந்த நீலம் கரைந்து வயலுக்குள் போனால் இரண்டே நாளில் பாசி செத்துவிடும். தண்ணீரில் முளைக்கிற பாசி அதற்குச் சாகும் என்றால் தண்ணீரில் முளைக்கிற கொட்டலசு சாகாதா? வீட்டுத் தொட்டியில் பாசி பிடிக்கிறதென்று அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் ஒன்று என்னிடம் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, இடித்துப் பொடியாக்கி, மிச்சப் பெயிண்டில் கலந்து, இன்ஜின் கால் முழுக்க இரண்டு கை பூசினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிரேக் கதையோடு மயில்துத்தக் கதையும் சேரும். முதலில் வேலை செய்யட்டும், அப்புறம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பூசியிருப்பதைப் பார்த்த கொழுந்தன் அண்ணன்தான் பூசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். இவர் தம்பிதான் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

படகு கரைக்கு வரும்போதெல்லாம் முதலில் இன்ஜின் காலைத்தான் பார்ப்பேன். ஒரு கொட்டலசு இல்லை! எனக்குள் அப்படி ஒரு திமிர். மூன்றாவது வாரம் பெயிண்டில் அங்கங்கே கொப்புளம் எழும்பியது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உப்பு பூத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. ஒன்பது மணி இருக்கும். தெற்குக் காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, வழி குறுகிப்போயிருந்தது. அலை அந்த மேட்டில் ஏறி உடைந்ததும், அடுத்த அலை வருவதற்குள் படகு வேகமாகப் பாய்ந்து உள்ளே வந்துவிட வேண்டும். நடுவில் நின்றால் கவிழ்த்துவிடும். நான் மீன்கூடையோடு கரையில் நின்றேன். எங்கள் படகு தெரிந்தது. இவர் இன்ஜினில், கொழுந்தன் முன்னால்.

சரியாக மேட்டுக்கு முன்னால் வரும்போது இன்ஜின் சத்தம் கீச்சென்று உயர்ந்தது. அலறுகிறது, ஆனால் படகு நகரவில்லை. உள்ளே கியர் போய், விசிறி சுற்றாமல் இன்ஜின் மட்டும் வெறுமனே ஓடுகிறது என்று என் பக்கத்தில் நின்ற ஆள் சொன்னார்.

"நங்கூரத்தப் போட்றா! போட்றா டேய்!" என்று கரையிலிருந்த ஆண்கள் கத்தினார்கள்.

கொழுந்தன் போட்டான். அது மணலில் பிடிக்காமல் இழுபட்டது. படகு குறுக்கே திரும்பியது. முதல் அலை பக்கவாட்டில் ஏறி, வலை, பெட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. இரண்டாவது அலை விலகியபோது படகில் ஒரு ஆள்தான் இருந்தான். கொழுந்தன்.

"ஐயோ, எங்க அவரு? அவரு எங்க?" என்று கத்தியது நான்தான். டைபாய்டில் கிடந்து எழுந்த உடம்பு, நாலு கை நீந்தக்கூடத் தெம்பில்லாத உடம்பு. அம்மா தாயே, அம்மா தாயே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு படகு கயிற்றோடு பாய்ந்தது. முதல் வீச்சு தவறியது. இரண்டாவதும் தவறியது. அப்போதுதான் படகின் அந்தப் பக்கத்தில் இவர் தலை தெரிந்தது. நங்கூரக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினார். மூன்றாவது வீச்சைக் கொழுந்தன் பிடித்துக் கட்டினான், அண்ணனைச் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டான். கரைக்கு வந்து சேர்ந்ததும் இவர் மணலில் குப்புற விழுந்து உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன்.

மெக்கானிக் வந்து இன்ஜினைச் சாய்த்தார். திருகைக் கழற்றினால் கியர் ஆயில் பாலாக வெளுத்து ஒழுகியது. காலைச் சுரண்டினார். பெயிண்ட் பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் அலுமினியம் முழுக்க ஓட்டை.

"செம்புச் சரக்கு எதையோ கலந்து அடிச்சிருக்கீங்க. உப்புத்தண்ணில அது அலுமினியத்தத் தின்னுடும்பா. தண்ணி உள்ள பூந்து கியர் போயிடுச்சு. எவன்டா அடிச்சது?"

இவர் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார். "இன்னாடா தடவுன?"

"நானா? நீதானே தடவுன!"

"சாவ இருந்தன்டா நானு! பொய் வேற சொல்றியா?" நிற்கக்கூட முடியாதவர் எழுந்து போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டார். சற்றுமுன் தன்னைத் தூக்கிக் காப்பாற்றிய தம்பியை! கொழுந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா மேல சத்தியமா நான் இல்லண்ணா," என்றான்.

நான் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பும் ஒரு நொடி வரத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"தம்பிய விடுங்க. நான்தான் அடிச்சன்," என்றேன். "மயில்துத்தம். எங்கப்பா வயல்ல போடுவாரு. கொட்டலசு வராதுன்னு நெனச்சன்."

குப்பமே கூடி நின்றது. இவர் பிடியை விட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிருப்பீங்க."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். இவர் நனைந்த உடம்போடு நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஆமாம்," என்றார். "சிரிச்சிருப்போம்."