உவளைப் பிடி

எங்கள் அணியைப் பார்த்த யாரும் நாங்கள் தோற்போம் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் கூடைப்பந்தில் பெயர் எடுத்த நான்கு பேர் ஒரே அணியில் இருந்தார்கள். ஒருத்தி குருநகர்க்காரி. கூடைக்குக் கீழே அவள் கையை உயர்த்தினால் பந்து வேறு யாருக்கும் இல்லை. நெல்லியடியிலிருந்து வருகிறவள் தூர நின்று எறிந்தால் வலை மட்டும்தான் அசையும். மற்ற இருவரும் பள்ளிக்கூடக் காலத்தில் ஆளுக்கொரு பள்ளி அணிக்குத் தலைவியாக இருந்து, எதிரெதிரே நின்று அடிபட்டவர்கள். ஐந்தாவது ஆள் நான். எனக்குப் பெயர் கிடையாது. பந்தை நடுக்கோடு வரை கொண்டுவந்து இவர்களிடம் கொடுப்பேன், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

கழகத்துத் திடல் எப்போதும் ஆண்களுடையது. கெஞ்சிக் கூத்தாடி செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் எங்களுக்கு வாங்கியிருந்தோம். அதற்கும் கழகச் செயலாளர் அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். “இந்த வருசம் கிண்ணத்தைக் கொண்டு வாங்கோ, அடுத்த வருசமும் திடல் உங்களுக்குத்தான். இல்லாட்டிப் பொடியங்கள் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்கள்.”

மற்ற நால்வருக்கும் இது பெரிய விசயம் இல்லை. இந்தக் கழகம் இல்லாவிட்டால் இன்னொன்று கூப்பிடும். முப்பதைத் தாண்டிய என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? கொக்குவிலில் வீடு, நகரத்தில் வேலை. இரண்டுக்கும் நடுவில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்காத நேரம் அந்த இரண்டு பின்னேரங்கள்தான். கழகம் கூப்பிடுகிறது என்றால் வீட்டில் வாய் திறக்க மாட்டார்கள். திடல் போனால் அதுவும் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பந்து எங்கள் கையில் இருக்கும்வரை எங்களை வெல்ல ஆள் இல்லை. கைமாறினால்தான் பிடித்தது சனி. ஒருத்தியும் தன் ஆளோடு திரும்பி ஓடமாட்டாள். நின்ற இடத்தில் நின்றபடி கையை நீட்டி, “உவளைப் பிடி, உவளைப் பிடி” என்று கத்துவாள். எங்கள் பேச்சில் இவள் என்றால் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். உவள் என்றால் உனக்குப் பக்கத்தில் நிற்பவள். ஆகவே நீ பிடி, என்னைக் கேளாதே. நால்வர் வாயிலும் எதிரணிக்காரி எப்போதும் உவள்தான். பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். எங்களிடம் அடிக்கவே ஆள் இல்லை, பாம்பைக் காட்டத்தான் எல்லோரும்.

எங்களைப் பழக்கிய மாஸ்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் விசிலை ஊதி நிறுத்தினார். “பிள்ளையள், இனி இந்தத் திடலிலை உவள் எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது. ஆளைக் கண்டால் ‘என்ரை’ எண்டு சொல்லுங்கோ. சொன்னால் அது உங்கடை ஆள். முடிஞ்சுது.”

“கலியாணத்துக்கு ஆள் பிடிக்கிற மாதிரிக் கிடக்கு, மாஸ்டர்” என்றாள் நெல்லியடிக்காரி. விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அது வேலை செய்தது. ‘என்ரை, என்ரை’ என்று கத்திக்கொண்டே அரையிறுதியை வென்றோம். அட, இதுகள் திருந்திவிடும் போலிருக்கிறதே என்று நான் நம்பிவிட்டேன்.

இறுதியாட்டத்தில் எங்களுக்கு எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் தோளுக்குக்கூட வரமாட்டார்கள், ஒருத்தியின் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தி நகர்ந்தால் மற்றவள் அந்த இடத்தில் நிற்பாள். பாதி ஆட்டம் வரை நாங்கள்தான் முன்னுக்கு. அதன்பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. ‘என்ரை’ என்ற குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் குருநகர்க்காரியின் குரல் மட்டும் கேட்டது. அவள்தான் மற்றவர்கள் விட்ட ஆட்களுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“எல்லாம் என்ரையோ?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அதன்பிறகு அவளும் ஓடவில்லை. யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது, திடலெல்லாம் மறுபடி அந்தக் கோதாரி விழுந்த ‘உவளைப் பிடி’தான்.

கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமநிலை. பந்து வைத்திருந்தவளை நான் ஒரு கரையில் மறித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால், எங்கள் கூடைக்குக் கீழே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப்பெண் தனியே நிற்பது தெரிந்தது. என் பின்னால் நான்கு பேரும் அவளைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். “உவளைப் பிடியடி.” “உன்ரை பக்கம்தானே நிக்கிறாள், உவளைப் பிடி.” பந்து என் தலைக்கு மேலால் போனது. அவள் அவசரப்படவே இல்லை. ஒருமுறை நிலத்தில் தட்டி, நிமிர்ந்து பார்த்து, ஆறுதலாகப் போட்டாள்.

அதோடு கடைசி விசிலும் ஊதியது, தோற்றுவிட்டோம். செயலாளர் அண்ணை வந்தார். கெட்ட மனிதர் இல்லை, சோடாப் போத்தலைக்கூட உடைத்துக் கையில் தந்தார். “பிள்ளையள் வடிவா விளையாடினியள். நாங்களும் ஒரு சந்தர்ப்பம் குடுத்தம்தானே, என்ன?” என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். கொழும்பிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒருவர், குருநகர்க்காரியையும் நெல்லியடிக்காரியையும் தனியே கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். தோற்றாலும் அவர்கள் கெட்டிக்காரிகள்தான், தோற்றது அணி. எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கு விளையாட்டு இல்லையோ?”

“இனி இல்லை, அம்மா.”

“நல்லதாப் போச்சு” என்றார். “அப்ப வந்து உந்தத் தேங்காயைத் திருவு.”

முகத்தைக் கழுவிவிட்டு வந்து திருவினேன்.