பதினெட்டுப் பாகையில் ஒரு கழுத்து வளையம்

மட்டக்களப்பில் வருஷத்தில் பத்து மாதம் வியர்க்கும். மிச்சம் இரண்டு மாதம் மழை பெய்யும்; அப்போதும் வியர்க்கும். இந்த ஊரில் ஒரு பெண் கம்பளி நூலில் கழுத்துக்கு வளையம் பின்னிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், அவளுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் சனம் நினைக்கும். அப்படித்தான் நினைத்தார்கள். அந்தப் பெண் நான். கழன்றது என்னுடைய மறை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற அரசாங்கக் கந்தோர் புளியந்தீவில் இருக்கிறது. பழைய கட்டடத்தில் என் கவுண்டருக்குப் பின்னால் இரண்டு பெரிய சன்னல்கள் இருந்தன. திறந்துவிட்டால் வாவிக் காற்று கேட்காமலே உள்ளே வரும். கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் கொஞ்சம் அவதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற சனத்துக்கு எந்தப் படிவம், எந்தக் கையெழுத்து, எந்தப் பிரதி என்று சொல்லி ஒரே நாளில் அலுவலை முடித்து அனுப்புவது என் வேலை. அதில் எனக்குப் பெருமை உண்டு. எனக்கு என்று இருந்த பெருமையும் அது ஒன்றுதான்.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. முழுவதும் கண்ணாடி. ஒரு சன்னல்கூடத் திறக்காது. திறப்பு விழாவில் ரிபன் வெட்டி, குளிரூட்டியைப் போட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

குளிரூட்டியை நான் உட்காரும் கதிரைக்கு நேர் மேலே சுவரில் பொருத்தியிருந்தார்கள். அதன் வாய் கீழே பார்த்தபடி இருந்தது. பதினெட்டுப் பாகை செல்சியஸ் குளிர் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலே கால் வரை என் பிடரியில் இறங்கும். அதை இயக்கும் ரிமோட் எங்கே என்று கேட்கிறீர்களா? பொறுப்பதிகாரியின் மேசை லாச்சிக்குள். லாச்சிக்குப் பூட்டு. கொழும்பிலிருந்து யாராவது திடீரென்று வந்தால் கந்தோர் குளிராக இருக்க வேண்டுமாம். இதைவிட வயிறு எரிகிற விஷயம், அவருடைய சொந்த அறையிலும் ஒரு குளிரூட்டி இருந்தது. அதை அவர் போடுவதே இல்லை. மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு இருப்பார்.

ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"எனக்குப் பீனிசம், மிஸ். ஏசி ஒத்துக்கொள்ளாது" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

இரண்டாம் மாதத்தில் எனக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. வலப்பக்கம் நிற்கிறவரைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டொக்டர். நான் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேசையை இரண்டு அடி தள்ளிப் போட அனுமதி கேட்டேன். பதில் இல்லை. குளிரூட்டியின் வாயையாவது மேலே திருப்பிவிடுங்கள் என்று இரண்டாவது கடிதம். பதில் இல்லை. டொக்டர் எழுதித் தந்த துண்டை இணைத்து மூன்றாவது. அதற்கும் இல்லை. நேரில் கேட்டபோது ஒரே ஒரு வழிதான் சொன்னார். "ஏலாட்டி கோவை அறைக்குப் போங்க மிஸ். அங்க ஏசி இல்ல." பழைய பைல்களை அடுக்கி வைத்திருக்கும் அறை அது. என் கழுத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என் கவுண்டரைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் அர்த்தம். அதற்கு நான் தயாரில்லை.

முதலில் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தேன். முத்திரை குத்தக் கையை ஓங்கும்போதெல்லாம் அது வழுக்கி விழுந்தது. சால்வை போட்டேன். அதன் நுனி லாச்சிக்குள் அகப்பட்டு, கூப்பிட்ட குரலுக்கு எழும்ப முடியாமல் போனது. எனக்கு நுனியே இல்லாத ஒன்று வேண்டியிருந்தது. இரண்டு சுற்றாகக் கழுத்தில் கிடக்கிற, கழன்று விழாத வளையம்.

பக்கத்து மேசையில் இருப்பவள் காத்தான்குடிக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். தலையையும் கழுத்தையும் மூடி முக்காடு போடுவதால் அவளுக்கு அவ்வளவு குளிராது. "எனக்கு அல்லாஹ் தந்த காப்பு இரிக்கி, நீங்கதான் பாவம்" என்று பகிடி பண்ணுவாள். அவளிடம் சொன்னேன். அடுத்த கிழமை அவளுடைய மாமாவின் கடையிலிருந்து கம்பளி நூல் கொண்டு வந்தாள். ஈரப்பலாக்காய்ப் பச்சை. கடையில் எத்தனை வருஷமாகக் கிடந்ததோ, நூலில் பூச்சி உருண்டை மணம்.

எனக்குக் கொக்கி ஊசியால் பின்னுகிற குறோசே புதிதில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வெள்ளை நூலில் மேசை விரிப்பு, தட்டு மூடி, கதிரை முதுகுக்குத் துணி என்று பின்னிக் குவித்திருக்கிறேன். ஆனால் கம்பளி நூலைக் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. கைபேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பின்னிக் காட்டும் காணொளியைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மூக்கு நுனியில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். நூற்று எண்பது கண்ணிக்குச் சங்கிலி போட்டு, முறுக்கு விழாமல் மட்டமாக விரித்து, கடைசிக் கண்ணியை முதல் கண்ணியில் கொழுவி வளையமாக்க வேண்டும். நான் என் ஊர் களுதாவளையிலிருந்து வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொழுவினேன். பஸ்ஸில் எதை மட்டமாக விரிக்கிறது? ஆறு வரிசை பின்னிய பிறகுதான் வளையத்தில் ஒரு முறுக்கு விழுந்திருப்பது தெரிந்தது. இடையில் நிமிர்த்த வழியே இல்லை. கல்லடிப் பாலம் வருவதற்குள் அவ்வளவையும் உருவி எறிந்தேன்.

இரண்டாம் தடவை முறுக்கு இல்லை. வேறு பிழை. மெல்லிய வெள்ளை நூலை இழுத்து இறுக்கினால்தான் பூ விரியும். முப்பது வருஷமாக இழுத்துப் பழகிய கை, கம்பளி நூலையும் இழுத்தது. பின்னி முடித்த துண்டு கீழே வைத்தால் படுக்காது. சுளகு விளிம்புபோல விறைத்து நின்றது. போட்டுப் பார்த்தேன். முதல் சுற்று இறங்கியது. இரண்டாம் சுற்று கொண்டையில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. காத்தான்குடிக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுத்தான் கழற்றிவிட்டாள்.

"நூலக் கொஞ்சம் சும்மா விடுங்கக்கா. அதுக்கும் மூச்சு வேணாமா?"

மூன்றாவது தடவை கையைத் தளர்த்தினேன். வெறும் சல்லடைப் பின்னல் போட்டால் ஓட்டைக்குள்ளால் குளிர் வரும். அதனால் மேடும் பள்ளமுமான பின்னலைத் தேர்ந்தெடுத்தேன். கீழ் வரிசையில் நிமிர்ந்து நிற்கும் இழைக் கம்பத்தின் தலையில் குத்தாமல் அதன் உடம்பைச் சுற்றி ஊசியை விட்டு எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் கம்பம் எழும்பி நிற்கும். பின்னால் எடுத்தால் உள்ளே போய்விடும். மூன்று மேடு, மூன்று பள்ளம். நாலு வரிசைக்கு ஒருக்கால் இடம் மாற்றினால் பனையோலைப் பெட்டியின் பின்னலைப்போல வரும். தடிப்பாகவும் இருக்கும், கைக்கு இதமாகவும் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு வரிசை, பஸ்ஸில் இரண்டு வரிசை. அதிகாரியிடம் பேசிவிட்டு வந்த ஒரு நாள் பின்னின வரிசைகள் மட்டும் ஒடுங்கி இறுகிக் கிடந்தன. அவிழ்த்துத் திருத்தியிருக்கலாம். வேண்டுமென்றே அப்படியே விட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் இருந்த முதல் நாள், நாலு மாதத்துக்குப் பிறகு என் தோள்கள் கீழே இறங்கின. வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு மனிசி மட்டும் சேலைத் தலைப்பால் குழந்தையைப் பொத்திக்கொண்டு, "இது எங்க தங்கச்சி வாங்கலாம்?" என்று கேட்டாள்.

பத்து மணிக்கு அதிகாரி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்ன மிஸ், கந்தோரா, நுவரெலியாவா?"

"அதத்தான் சேர் நானும் கேக்கிறன்."

அன்று பின்னேரமே கடிதம் வந்தது. அலுவலக உடைக்குப் பொருந்தாத ஒன்றை அணிந்து, கந்தோரின் மதிப்பைக் குறைத்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். நான் மூன்று முறை எழுதிக் கேட்டதற்கு ஒரு வரி பதில் போட நேரமில்லாத மனிதர், ஒரு கழுத்துத் துணிக்கு ஒரு பக்கம் தட்டச்சு செய்ய நேரம் கண்டுபிடித்திருந்தார். குளிர்கிறது, அதனால் போட்டேன் என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் என்னைக் கோவை அறைக்கு மாற்றினார்கள்.

அந்த அறையில் சன்னல் இல்லை. ஒரு மின்விசிறி உண்டு. சுழல்கிறதா நிற்கிறதா என்று அதற்கே தெரியாது. கழுத்து நோவு குறைந்தது, உண்மைதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் என் கவுண்டர். என் இடத்துக்கு வந்தவர் என் வயதுக்காரர், நல்ல மனிதர், அந்த வேலை தெரியாதவர். "நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்வது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை சுவரைத் தாண்டிக் கேட்கும். நாளைக்கு வருவதென்றால் அந்தச் சனத்துக்கு ஒரு நாள் கூலி போகும். என்னிடம் வந்திருந்தால் கால் மணித்தியாலத்தில் முடிகிற அலுவல். பல்லைக் கடித்துக்கொண்டு கோவைகளை அடுக்கினேன்.

ஐந்தாம் நாள் தேநீருக்கு வெளியே வந்தபோது என் இடத்துக்கு வந்தவரைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் ஓடும்போது போடுகிற கறுத்த ஜக்கெட்டைத் தொண்டை வரை பூட்டிக்கொண்டு கவுண்டரில் இருந்தார். அதிகாரி பக்கத்தில் நின்று அவருடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜக்கெட்டுக்கு விளக்கக் கடிதம் இல்லை. கந்தோரின் மதிப்பு ஒரு இழையும் குறையவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தேநீரைக் குடிக்காமலே திரும்பினேன்.

அன்றைக்கே என்னுடைய சொந்தக் கோவையைத் தேடி எடுத்தேன். கோவை அறையில் இருப்பவளுக்கு அதுகூட முடியாதா? என் மூன்று கடிதங்களும் வரிசையாக உள்ளே இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதிகாரியின் கையெழுத்தில் ஒரே சொல்: "கோவையிடவும்." கீழே திகதி, சுருக்கொப்பம். மூன்றும் வந்த அன்றே எழுதப்பட்டவை. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், யாரிடமோ கேட்கிறார் என்று நான் இத்தனை நாளும் காத்திருந்தேன். மடைச்சி.

ஊழியர் எழுதும் கடிதத்தைக் கோவையில் போட்டு மூடலாம். பொதுமக்கள் கவுண்டரில் கொடுக்கும் கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. திகதி முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும், தலைமைக் கந்தோருக்குப் பிரதி போக வேண்டும், எடுத்த நடவடிக்கையை எழுத வேண்டும். இதைப் பத்தொன்பது வருஷமாகச் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

லீவு எடுத்தேன். வீட்டில் இருக்கவில்லை. வளையத்தைக் கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டுக்கொண்டு, கந்தோருக்குப் போய், இலக்கத் துண்டு எடுத்து, சனத்தோடு நீள வாங்கில் உட்கார்ந்து இருந்தேன். ஜக்கெட் மனிதர் பதறிப்போனார்.

"என்ன மிஸ் இது? உள்ளுக்கு வாங்களன்."

"இண்டைக்கு நான் லீவு. நம்பரக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். காத்திருக்கும் மக்கள் மேலும் கவுண்டரில் இருப்பவர் மேலும் குளிர் நேரே இறங்குகிறது, தயவுசெய்து திருப்பிவிடவும் என்று எழுதியிருந்தேன். அவர் வாசித்தார். ஜக்கெட்டின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு முத்திரையை நல்ல சத்தமாகக் குத்தினார்.

கடிதம் கொடுத்து எட்டாம் நாள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்ததாகக் கேள்வி. ஒன்பதாம் நாள் ஏசி திருத்துநர் வந்தார். என் பழைய கதிரையில் ஏறி நின்று, குளிரூட்டியின் வாயில் இருந்த தகட்டை விரலால் மேலே தள்ளினார். அவ்வளவுதான். கருவி ஒன்றும் எடுக்கவில்லை, கொண்டுவந்த பெட்டியையும் திறக்கவில்லை. நாலு மாதம் என் கழுத்தைத் தின்ற காரியம் ஒரு விரலால் முடிந்தது. நான் கோவை அறை வாசலில் நின்று பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

அடுத்த திங்கள் என்னைக் கவுண்டருக்குத் திருப்பி எடுத்தார்கள். வரிசை வாசல் வரை போய்விட்டதால் வேறு வழியில்லை. அதற்கு முன் அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"இவ்வளவு சின்ன விஷயம். இத நீங்க முன்னமே சொல்லியிரிக்கலாமே, மிஸ்" என்றார்.

திரும்பிப் போய்க் கோவையிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்து வந்து, அவருக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றின் ஓரத்தையும் பார்த்தார். நான் ஒரு சொல்லுக்காக நின்றேன். பெரிய மன்னிப்பு வேண்டாம். ஒரு "ஓம் மிஸ், பிழைதான்" போதும். அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். முதலாவது கடிதத்தில், தன் பழைய எழுத்துக்குக் கீழே இடம் பார்த்து எழுதி, திகதி போட்டு, ஒப்பமிட்டு, மூன்றையும் என் பக்கம் தள்ளினார்.

மூன்று கடிதங்களோடும் கவுண்டருக்கு வந்து என் கதிரையில் இருந்தேன். காத்தான்குடிக்காரி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம் அக்கா? வாசிச்சவரா?"

"இல்ல. திரும்பவும் கோவையிடச் சொல்லி எழுதினவர்."