மாணிக்கம் அண்ணன் போட்ட சத்தம்

ஹாக்கி அம்பயர் வேலையில் பெரிதாக ஒன்றும் தேறாது, வசவுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரில், வாரம் முழுக்க சனத்நகரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அங்கே என்னை யாரும் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு லாலாகுடா மைதானத்துக்குள் காலை வைத்தால் போதும், என் கண்பார்வை, என் வளர்ப்பு, நான் தின்ற சோறு எல்லாம் விசாரணைக்கு வந்துவிடும். உங்களில் விசில் பிடித்தவர்கள் இருந்தால், அல்லது சொந்தக்காரர்கள் சண்டையில் நாட்டாமை பண்ணப் போய் ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தால், கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

நம்ம ஆளு

ஒர்க்‌ஷாப் டீமில் பிரகாஷ் என்று ஒரு ஃபுல்பேக். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். ஒரு காலத்தில் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியமில்லை. போன வருஷத்திலிருந்து பாவம், முட்டி போய்விட்டது. அவன் திரும்புவதற்குள் எதிராளி ஓடிவிடுவான். அவசரத்தில் இவன் பந்தைக் காலால் தடுத்துவிடுவான். ஹாக்கியில் கோல்கீப்பரைத் தவிர வேறு யாரும் காலால் தடுக்கக் கூடாது. கோலுக்குப் பக்கத்தில் அப்படித் தடுத்தால் பெனால்டி கார்னர், எதிர் டீமுக்குப் பாதி கோல் கிடைத்த மாதிரி. ஊதாமல் நான் என்ன செய்ய?

வேலி ஓரத்தில் இதற்கு ரெண்டு கட்சி. டீக்கடை யூசுஃப் பாய் கட்சிக்கு பிரகாஷை உடனே வெளியே உட்கார வைக்க வேண்டும். பாய் லாலாகுடாவிலேயே பிறந்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு வளர்ந்து நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். எதிர்க்கட்சி ஒரே ஒரு ஆள். பிரகாஷின் அப்பா மாணிக்கம் அண்ணன், ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், அரக்கோணம் பக்கம். அவர் பார்வையில் பிரகாஷிடம் குறையே கிடையாது, குறை முழுக்க என்னிடம்தான்.

"யோவ் அம்பயர்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? நீயும் தமிழு, அவனும் தமிழு, கைக்கு இந்த ஓரவஞ்சனை?" என்று என் முதுகுக்குப் பின்னால் முழங்குவார் ('கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் 'எதற்கு'). சரி, எதிர் டீம் பக்கமாவது நம்மை நல்லவன் என்று சொல்லுமா என்று பார்த்தேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை பிரகாஷ் டீமுக்கு ஃப்ரீ ஹிட் கொடுத்தேன், எதிர் டீம் கேப்டன் நேராக என்னிடம் வந்தான். "உங்க ஊர்க்காரன்னா நீங்களே பந்தை எடுத்துக் குடுத்துடுவீங்க போல இருக்கே, சார்!"

இடைவேளையில் ஒரு நடை

ஹாக்கிக்கு ரெண்டு அம்பயர். மைதானத்தில் ஆளுக்குப் பாதி. இடைவேளைக்குப் பிறகு டீம்கள் பக்கம் மாறும், நாங்கள் மாற மாட்டோம். அதனால் முதல் பாதியில் பிரகாஷ் என் முன்னால் நின்றால், ரெண்டாம் பாதியில் ராமுலு முன்னால் நிற்பான். ராமுலு என் கூட்டாளி அம்பயர், மல்காஜ்கிரிக்காரர். தெலுங்குக்காரர் என்றாலும் தமிழ் சரளமாக வரும். மாணிக்கம் அண்ணனுக்கு என்மேல் ஏதோ தனிப்பட்ட கோபம் என்று அவரிடம் புலம்பினேன். மனுஷன் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். அவரும் வீட்டில் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் கவனித்தோம். இடைவேளை விசில் ஊதியதும் மாணிக்கம் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வேலியைச் சுற்றி மெதுவாக நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ராமுலு முதுகுக்குப் பின்னால் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்கியதும் ஆரம்பித்தார். என் பக்கம் அமைதியோ அமைதி. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, சிரிக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் ராமுலு விசிலைத் துடைத்தபடி சொன்னார்: "ஹவ், ஆமா அண்ணா. அவருக்கு உன்மேலயும் கோபமில்ல, என்மேலயும் கோபமில்ல. பிள்ளை எங்க நிக்கிறானோ அங்க நிக்கிறாரு, அவ்வளவுதான்."

பஸ் ஸ்டாப்பில்

மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்துக் கேட்டே விட்டேன். "அண்ணே, நான் ஊதினது நிஜமாவே தப்பா?" வேலிக்கு வெளியே அவர் வேறு ஆளாக இருந்தார். குரலே எழும்பவில்லை, 'சார்' போட்டுப் பேசினார்.

"அத்தினியும் கரெக்ட்டு சார். நானும் ஆடினவன்தானே, எனக்குத் தெரியாதா? அவங்கம்மா போனதிலேர்ந்து வீட்ல நானும் அவனும்தான். வேலைக்குப் போவான், வருவான், செவுத்தைப் பாத்துக்கினு படுத்துப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். நாலு பேரோட நிக்கறது இந்த ஒரு ஆட்டத்துக்குதான். இதுலேர்ந்தும் எடுத்துட்டாங்கன்னா அவன் எனக்கு மிஞ்ச மாட்டான் சார்." பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டத்தப்போ கோச்சு அந்தாண்டதான் உக்காந்துனு கேட்டுக்கினு இருக்காரு. உங்களைத் திட்டலைன்னா எல்லாரும் அவனைத் திட்டுவாங்க சார், மனசுல வெச்சுக்காதீங்க."

துண்டு

அப்புறம் கொஞ்ச நாள் அவரைக் காணோம். தொண்டையில் கட்டி, ஆபரேஷன் என்று ராமுலு சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் போச்சு. திரும்பி வந்த அன்று கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு என் பின்னால் வழக்கமான இடத்தில் வந்து நின்றார். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பந்து பிரகாஷ் காலில் பட்டது. நான் ஊதினேன். கார்னர், கோல். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஐயோ, அந்த அமைதி இருக்கிறதே! எந்த வசவும் என்னை அப்படிக் குத்தியதில்லை. வேலி முழுக்க "பிரகாஷை வெளிய அனுப்பு" என்று கத்த ஆரம்பித்தது. கோச் எழுந்து மாற்று ஆளைப் பார்த்தார். பிரகாஷ் தலையைத் தூக்கி வேலியைப் பார்த்தான்.

அப்போதுதான் என் காதைப் பிளந்துகொண்டு ஒரு குரல். "ஏய் அம்பயர்! கண்ணு இல்லியா உனக்கு? பந்து ஸ்டிக்குல பட்டுச்சு! பிரகாஷ் என்ன பண்ணுவான்?" யூசுஃப் பாய்! அவர் ஆரம்பித்ததும் வேலியே என் பக்கம் திரும்பிவிட்டது. என் பரம்பரையையே இழுத்தார்கள். கோச் உட்கார்ந்துவிட்டார், பிரகாஷ் கடைசிவரை ஆடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக வசவு வாங்கி நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆட்டம் முடிந்து பாய் டீயை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

"சீசன் பூரா அவனைத் திட்டினவன் நான். பெரியவர் என் முன்னால வந்து நின்னு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, உங்களைக் கை காட்டினாரு. கத்தாம எப்டி இருக்கறது சார்?"

முட்டிக் கட்டு

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு பிரகாஷ் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து முட்டிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முட்டி வீங்கிப் பன்னு மாதிரி இருந்தது. "இனிமே வரல சார், கோச்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். யாரும் உன்னை எடுக்கவில்லையே, ஏன்டா என்று கேட்டேன்.

"யாருக்காக வரணும் சார்? அம்மா போனப்புறம் அப்பா வீட்ல வாயே தொறக்கல. சாப்டறியான்னா தலையாட்டுவாரு, அவ்ளோதான். இங்க வந்தாத்தான் கத்துவாரு, உயிரோட இருக்கற மாதிரி இருக்கும். அதுக்குதான் இந்த முட்டியை வெச்சுக்கினு வந்தேன். இனி அவரால கத்த முடியாதே."

எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவன் அப்பா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாணிக்கம் அண்ணன் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றார், கையில் அவனுடைய சைக்கிளைப் பிடித்தபடி. பிரகாஷ் அவரையே பார்த்தான். அவிழ்த்த கட்டைச் சுருட்டக்கூட இல்லை. பிறகு சொன்னான்.

"அப்போ குரல் இருந்தப்பவே வீட்ல ரெண்டு பேரும் பேசியிருக்கலாமே சார்."

பிரகாஷ் சொன்னபடியே நின்றுவிட்டான், மாணிக்கம் அண்ணனும் வருவதில்லை. இப்போதும் ஞாயிறு தவறாமல் மற்றவர்களிடம் வசவு வாங்குகிறேன், ஆனால் இடைவேளையில் அதைத் தூக்கிக்கொண்டு ராமுலு பக்கம் நடந்து போக ஆளில்லாததால் ரெண்டாம் பாதியிலும் என் முதுகுதான் காத்துக்கொண்டிருக்கிறது.